கறுப்பு ரெக்ஸினும் வெள்ளைத் துண்டும்

கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழத்தை நசுக்கி எடுத்த கையோடு, திண்டுக்கல்லில் புது கார் வாங்கியவர் போகிற அடுத்த இடம் அக்சசரீஸ் கடைதான். அங்கே நடக்கிற சடங்கும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த துணி சீட்டின் மேல், கறுப்பிலோ காப்பிக்கொட்டை நிறத்திலோ, கட்டம் கட்டமாகத் தையல் ஓடிய செயற்கைத் தோல் கவரை இழுத்து மாட்டுவார்கள். கடைக்காரர் அதை நாப்பா என்பார், ஆர்ட் லெதர் என்பார்; நம் வாயில் அது என்றைக்கும் ரெக்ஸின்தான். மாட்டி முடித்ததும் வண்டிக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது, மறுக்க முடியாது. ஆனால் சித்திரை மாதத்து மத்தியானம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்ற அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தால், தொடை சுடும். கால் மணி நேரத்தில் முதுகு நனையும். இறங்கும்போது சட்டை சீட்டை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சௌகரியமாக இருந்த ஒன்றைக் காசு கொடுத்து மூடி, அசௌகரியத்தை மேலே போர்த்திக்கொள்கிறோம் என்பதே என் கட்சி. அதற்குச் சான்று இருக்கிறது, எதிர்வாதங்களும் இருக்கின்றன. இரண்டையும் பார்க்கலாம்.

முதலில் வெயில். சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் இடையில் கிடக்கும் சமவெளி இது. கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது இங்கே செய்தியே அல்ல. இதே அளவு வெயில் அடிக்கும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில் சாதாரண கார்களை வெயிலிலும் நிழலிலும் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, உள்ளே ஒவ்வொரு பாகமும் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார்கள். வெயிலில் நின்ற வண்டியில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, ஸ்டியரிங் 53 டிகிரி, சீட் 51 டிகிரி. நிழலில் நின்றதில் சீட் 41 டிகிரிதான். ஒரு புளியமர நிழல் சீட்டின் சூட்டைப் பத்து டிகிரி குறைக்கிறது என்றால், எந்தத் துணி, எந்த நிறம் என்று யோசிப்பதற்கு முன்பே வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்று யோசிக்க வேண்டும். கண்ணாடியில் கறுப்புப் பிலிம் ஒட்டி இதைச் சமாளிக்கலாம் என்றால், அதற்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. முன், பின் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையும், பக்கக் கண்ணாடி 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆவது விதி. கறுப்புப் பிலிம் மீதான உச்ச நீதிமன்றத்தின் தடை 2012இல் வந்தது. ஆக, வெயில் உள்ளே வரத்தான் செய்யும். அது எதன் மேல் விழுகிறது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

51 டிகிரியில் இருக்கும் ரெக்ஸினும் 51 டிகிரியில் இருக்கும் துணியும் தோலுக்கு ஒன்றுபோலப் படுவதில்லை. ரெக்ஸினின் மேல்பரப்பு வழுவழுப்பான, இடைவெளியற்ற பிளாஸ்டிக் படலம். தொடையும் முதுகும் அதில் முழுமையாக ஒட்டுவதால் சூடு நேராக உடம்புக்குப் பாய்கிறது. துணியின் பரப்பு நூலும் இடைவெளியுமாக மேடுபள்ளமானது. தோலைத் தொடுவது நூலின் முதுகு மட்டும்தான். மற்ற இடமெல்லாம் காற்று. காற்று சூட்டை அவ்வளவு சீக்கிரம் கடத்தாது. மார்கழியில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறினால் இதே விஷயம் தலைகீழாகத் தெரியும். கீழே சுட்ட ரெக்ஸின், 2,000 மீட்டருக்கு மேலே விடியற்காலையில் சில்லிட்டு நடுங்க வைக்கும். துணி சீட் கீழேயும் மேலேயும் கிட்டத்தட்ட ஒரே குணத்தோடு இருக்கும். சமவெளியையும் மலையையும் ஒரே மாவட்டத்தில் வைத்திருக்கிற நமக்கு இது சின்ன விஷயமல்ல.

அடுத்தது வியர்வை. நம் தோலின் மேல்பரப்பு சுமார் 33, 34 டிகிரியில் இருக்கும். சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், உடம்புக்குத் தன் சூட்டை வெளியேற்ற மிஞ்சுகிற வழி ஒன்றே ஒன்று: வியர்வை ஆவியாவது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாகாமல் வழிகிற வியர்வையால் குளிர்ச்சி இல்லை, ஈரமும் எரிச்சலும்தான். ரெக்ஸின் செய்கிற கெடுதல் அங்கேதான். பருத்தியோ பாலியெஸ்டரோ ஒரு பின்னல் துணி அடியில், அதன் மேல் பிவிசி அல்லது பாலியூரித்தேன் பூச்சு என்று அடுக்கடுக்காக அமைந்தது அது. அந்தப் பூச்சு நீராவியை அவ்வளவு எளிதில் விடாது. கயிற்றுக் கட்டிலில் படுப்பதற்கும் பிளாஸ்டிக் ஷீட்டில் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பகல் முழுக்க சீட்டிலேயே கிடக்கிற பழைய லாரி, டாக்சி ஓட்டுநர்கள் மரமணி கோத்த விரிப்பைப் போட்டு ஓட்டியதை ஃபேஷன் என்று நினைத்தவர்கள் உண்டு. மணிகளுக்கு இடையில் காற்று ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அது.

"துணி என்கிறீர்களே, கம்பெனி சீட்டில் இருப்பதும் பாலியெஸ்டர்தானே, அதுவும் பிளாஸ்டிக்தானே?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் திறனில் இழைக்கு இழை பெரிய வித்தியாசம் உண்டு. நெசவுத் தொழிலில் பயன்படுத்தும் கணக்குப்படி கம்பளி 16 சதவீதம், பருத்தி 8.5 சதவீதம், நைலான் 4 சதவீதம் அளவுக்கு வாங்கும். பாலியெஸ்டர் வெறும் 0.4 சதவீதம். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பாலியெஸ்டர் சட்டை போலவே பாலியெஸ்டர் சீட்டும் வேதனை என்று தோன்றும். ஆனால் வியர்வை வெளியேற இரண்டு வழி இருக்கிறது. இழையே ஈரத்தை உறிஞ்சுவது ஒன்று. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக ஆவி வெளியேறுவது இன்னொன்று. பாலியெஸ்டருக்கு முதல் வழி அடைபட்டதுதான். பின்னல் தளர்வாக இருந்தால் இரண்டாவது வழி நன்றாகவே திறந்திருக்கும். இரண்டு பரப்புக்கு நடுவே நிற்கும் நூல்களால் தாங்கப்பட்ட தடிமனான வலைத்துணி, ஏர் மெஷ் என்று கடைகளில் சொல்வது, இந்த இரண்டாவது வழியை முழுசாகப் பயன்படுத்துகிறது. ரெக்ஸினுக்கு இரண்டு வழியும் அடைப்பு. கார் கம்பெனிகள் பருத்தியை விட்டுப் பாலியெஸ்டருக்குப் போனதற்கும் காரணம் இருக்கிறது. வருடக்கணக்கில் வெயில் பட்டாலும் அது சீக்கிரம் வெளுக்காது, தேயாது, பூஞ்சை பிடிக்காது. சீட்டோடு நிரந்தரமாகத் தைத்துவிடும் துணிக்குப் பாலியெஸ்டர் சரியான தேர்வுதான். உடம்பு நேராகப் படுகிற, கழற்றித் துவைக்கிற மேல்விரிப்புக்குப் பருத்தி சரி. இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட வேண்டியதில்லை.

தோல் ஊரான திண்டுக்கல்லில் நிஜத்தோலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிய தோல் ஷாப்புகளின் ஊர் இது. அதற்கு ஊர் கொடுத்த விலை, கழிவுநீரால் கெட்ட தண்ணீர். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் தீர்ப்பளித்தபோது, அபராதம் விதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இருந்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய். "தோல் இயற்கையானது, அதில் துளை உண்டு, அது மூச்சு விடும்" என்பது விற்பனையாளரின் நிரந்தர வாசகம். பட்டை போட்டுப் பதனிட்ட, பூச்சில்லாத தோலுக்கு அது பொருந்தும். செருப்பின் உட்பக்கத் தோல் வியர்வையைக் குடிப்பதை யாரும் பார்க்கலாம். கார் சீட்டுக்குப் போகிற தோல் அந்த ரகமல்ல. வெயிலும் உராய்வும் கறையும் தாங்க வேண்டும் என்பதற்காக, அதன் மேல் நிறமி கலந்த பாலியூரித்தேன் பூச்சு அடிப்பார்கள். துளை அடியில் இருக்கிறது, மூடி மேலே இருக்கிறது. அதனால்தான் விலையுயர்ந்த வண்டிகளில் தோலுக்கு ஊசியால் குத்தியதுபோல வரிசையாக ஓட்டை போடுகிறார்கள். ஓட்டை போட்ட நிஜத்தோல் ரெக்ஸினைவிட நிச்சயம் மேல். விலையைப் பார்த்தால் நம் பேச்சு அதைத் தொடாது. கடையில் சொல்கிற நாப்பா நிஜத்தோலா என்று தெரிய வேண்டுமானால், வெட்டிய ஓரத்தை விரலால் விரித்துப் பாருங்கள். நிஜத்தோலின் உள்பக்கம் நார் நாராகக் கலைந்து தெரியும். செயற்கைத் தோலில் மேலே ஒரு படலம், கீழே சீரான பின்னல் துணி, நடுவே பஞ்சுபோல ஒரு நுரை அடுக்கு.

"ஏசி ஓடும்போது இந்தக் கவலையெல்லாம் எதற்கு?" இதுதான் எதிர்வாதங்களில் பலமானது. ஏசி காற்று முகத்திலும் மார்பிலும் அடிக்கிறது. முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே அது நுழையாது. உள்ளே 24 டிகிரி இருந்தும் திருச்சி போய் இறங்கும்போது முதுகில் மட்டும் சட்டை நனைந்திருப்பது இதனால்தான். இதற்குக் கம்பெனிகளே ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டன என்று சொல்வேன். இப்போது நடுத்தர விலை வண்டிகளின் மேல்ரகங்களில் வென்டிலேட்டட் சீட் வருகிறது. ஓட்டை போட்ட செயற்கைத் தோலுக்கு அடியில் சின்ன மின்விசிறி வைத்துக் காற்றைத் தள்ளுகிறார்கள். முதலில் காற்றை அடைக்கிற பொருளைப் போடுவது, பிறகு அதைத் திறக்க மோட்டார் வைப்பது, இரண்டுக்கும் சேர்த்து நம்மிடம் பணம் வாங்குவது! வாங்குகிறவர் இருக்கும்வரை அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த சீட்டின் மேல் வெளியிலிருந்து இன்னொரு ரெக்ஸின் கவரை மாட்டுகிறவர்களை மட்டும் எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

அந்தஸ்து என்ற வாதத்துக்கு வருவோம். தோல் என்றால் பணக்காரத்தனம், துணி என்றால் சிக்கனம் என்கிற எண்ணம் ஆதியில் இருந்ததல்ல. குதிரை வண்டியிலிருந்து வந்த பழக்கப்படி, மேற்கத்திய ஆரம்பகால ஆடம்பர கார்களில் மழையிலும் வெயிலிலும் திறந்தவெளியில் உட்காரும் ஓட்டுநருக்குத்தான் தோல். பின்னால் மூடிய அறையில் உட்காரும் முதலாளிக்குக் கம்பளித் துணி. ஜப்பானின் பேரரசர் குடும்பத்துக்காக 2006இல் டொயோட்டா செய்துகொடுத்த செஞ்சுரி ராயல் காரிலும் அப்படித்தான்: முன் இருக்கையில் தோல், பேரரசர் அமரும் பின் இருக்கையில் கம்பளி. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் ஊர் அரசு அம்பாசடரை நினைத்துப் பாருங்கள். ஆட்சியர் வண்டியிலும் தாசில்தார் வண்டியிலும் சீட்டின் மேல் வெள்ளை டர்க்கி டவல் விரித்திருக்கும். அதிகாரத் திமிரின் அடையாளம் என்று அதைக் கேலி செய்தோம். 2014இல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுபோனது. துண்டு மட்டும் வேறு வண்டிகளுக்கு இடம்பெயர்ந்து இன்னும் இருக்கிறது. வெப்ப இயலின் கண்ணால் பார்த்தால் அந்தத் துண்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளை நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. வளையம் வளையமாக எழும்பிய பருத்தி நூல் வியர்வையைக் குடிக்கிறது, தோலுக்கும் ரெக்ஸினுக்கும் நடுவே காற்றை நிறுத்துகிறது. அழுக்கானால் ஒரு முக்கு முக்கிக் காயப்போடலாம். அழகில்லை, சரி. வழுக்கி நழுவும், அதுவும் சரி. கொள்கையில் பிழையில்லை, வடிவமைப்பில்தான் பிழை.

துணிக்கு எதிராக வீட்டில் எழும் உண்மையான புகார் அழுக்கு. குழந்தை பால் கக்கும், பார்சல் பிரியாணி சாற்றோடு கவிழும், ரெக்ஸின் என்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகலாம். இதில் உண்மை இருக்கிறது. டாக்சி ஓட்டுபவர்களும், தினம் நாலு குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர்களும் பின் சீட்டுக்கு ரெக்ஸின் போடுவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் துடைக்க முடிவது வேறு, சுத்தமாக இருப்பது வேறு. தையல் ஓட்டை வழியாக உள்ளே இறங்கிய பால், காற்றுப் புகாத கவருக்கு அடியில் காயவே காயாது. மூன்றாம் நாள் வண்டிக்குள் வருகிற நாற்றம் அதுதான். கழற்றித் துவைக்கும் பருத்திக் கவரில் அந்தப் பிரச்சினை இல்லை. கித்தான் போல நெருக்கமாக நெய்த கனமான பருத்தித் துணி, அடியில் வழுக்காத பட்டை, சீட்டின் முதுகில் முடிச்சோ வெல்க்ரோவோ, இரண்டு ஜோடி. ஒன்று மாட்டியிருக்க, மற்றது கொடியில். பருத்தி சுருங்கும் என்பதால் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். சாயம் சட்டையில் ஏறாமல் இருக்கவும் அதுவே நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தோடு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனால் பூஞ்சை வாடை வரும். அந்த இரண்டு மாதமும் அடிக்கடி கழற்றி உலர்த்துகிற சிரமம் உண்டு. பருத்தி எளிதில் தீப்பிடிக்கும் என்பதும் உண்மை. காரின் உள்பொருள்கள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. கம்பெனி சீட் அந்தச் சோதனையைத் தாண்டி வருகிறது. வெளியில் மாட்டும் கவர், பருத்தியானாலும் ரெக்ஸினானாலும், அந்தச் சோதனைக்கு உட்பட்டதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டிக்குள் பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் பருத்தி வேண்டாம்.

எந்தக் கவரானாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது பெரும்பாலும் முன் சீட்டின் கதவுப்பக்க விளிம்புக்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த விளிம்பில் ஏர்பேக் என்று எழுதிய ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கும். மோதலின்போது கண் சிமிட்டும் நேரத்துக்குள் அது சீட்டின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். இறுக்கி மாட்டிய தடித்த ரெக்ஸின் அதை உள்ளேயே அமுக்கிவிடலாம், அல்லது தப்பான திசைக்குத் தள்ளலாம். அந்தப் பக்கம் திறந்தே இருக்கிற கவரைத்தான் வாங்க வேண்டும். முதுகையும் உட்காரும் இடத்தையும் மட்டும் மூடி, ஓரங்களை விட்டுவிடும் விரிப்பு இந்த வகையில் பத்திரமானது. காற்றோட்டத்துக்கும் அதுவே நல்லது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். வெளிநிறத்தின் பங்கை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011இல் அளந்து சொன்னது: ஒரே மாடலில் கறுப்பும் வெள்ளியுமாக இரண்டு காரை வெயிலில் நிறுத்தியபோது, வெள்ளி நிற வண்டியின் உள்காற்று ஐந்தாறு டிகிரி குறைவாக இருந்தது. உள்ளேயும் அதே நியாயம்தான். முழு வெள்ளை அழுக்கைக் காட்டும், கறுப்பு சுடும். செம்மண் புழுதி பறக்கும் நம் சாலைகளுக்கு மணல் நிறம், சாம்பல், வெளிர் பழுப்பு தோதானவை. சின்னாளபட்டிச் சுங்குடியின் புள்ளி ஓரமாக ஓடினால் கண்ணுக்கும் அழகு. ரெக்ஸினின் கட்டத் தையலைவிட அது நம்முடையது. டேஷ்போர்டு மட்டும் விதிவிலக்கு. அதை வெளிர் நிறமாக்கினாலோ பளபளப்பான பாலிஷ் போட்டாலோ, அதன் பிம்பம் முன் கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். அது கறுப்பாக, மங்கலாக இருக்கட்டும்; நிறுத்தும்போது வெயில் மறைப்பு ஒன்றைக் கண்ணாடியில் சாத்திவிட்டால் போதும். தரைக்கு இப்போது 7டி மேட் என்று காலடியிலும் ரெக்ஸினை ஒட்டிவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்தால் கார்ப்பெட் வாரக்கணக்கில் ஊறும். பெடலில் தட்டாத, எடுத்து உதறக்கூடிய சாதாரண ரப்பர் மேட்டே போதும்.

கடையில் செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கவர்த் துணியின் ஒற்றை அடுக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட்டால், அது திண்டுக்கல் வெயிலுக்கு ஆகும். படவில்லை என்றால், எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள் வரிசையாக நிற்கின்றன; வீட்டு உபயோகத் துணிகளை உலகத்துக்கே நெய்து அனுப்பும் கரூர், வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது; காந்திகிராமத்தில் கதர் இருக்கிறது. இவ்வளவும் பக்கத்தில் இருந்தும், கார் கவர் கடைகளில் பருத்தியை யாரும் கேட்பதில்லை, கேட்காததால் யாரும் தைத்து வைப்பதுமில்லை. அடுத்த முறை போகும்போது, கதவுப்பக்கம் திறந்திருக்கிற மாதிரி பருத்தியில் இரண்டு ஜோடி தைத்துத் தருவீர்களா என்று கேளுங்கள். கடைக்காரர் தயங்கினால், கித்தானை நீங்களே வாங்கிக்கொண்டு போய், மெத்தை உறை தைக்கும் டெய்லரிடம் அளவு கொடுங்கள்.